பணம் வருமுன் பதில் வேண்டும்: அறிவார்ந்த போக்குவரத்துக்கான அமெரிக்க நிதி விதிகள்

விதியின் பொருள்

மின்னணுக் கருவிகள், தகவல் தொடர்பு, கணினிச் செயலாக்கம் ஆகியவற்றில் ஒன்றையோ பலவற்றையோ கொண்டு தரைவழிப் போக்குவரத்தின் திறனையும் பாதுகாப்பையும் கூட்டும் ஏற்பாடே அறிவார்ந்த போக்குவரத்து அமைப்பு, சுருக்கமாக ஐ.டி.எஸ். ஒன்றுக்கொன்று நேரம் பொருந்தி எரியும் சிக்னல்கள், வண்டி நிற்காமலே சுங்கம் வசூலிக்கும் கருவி, முன்னால் விபத்து என்று எச்சரிக்கும் மின்னணு அறிவிப்புப் பலகை, அடுத்த பேருந்து எப்போது வரும் என்று நிறுத்தத்தில் காட்டும் திரை, ஆம்புலன்ஸுக்குப் பச்சை விளக்கை நீட்டித் தரும் வசதி ஆகியவை அனைத்தும் இதில் அடங்கும்.

இவற்றை அமைக்க அமெரிக்க அரசு பணம் தருகிறது. அந்தப் பணம் எந்த நிபந்தனையின் பேரில் வழங்கப்படும் என்பதைக் கூட்டாட்சி விதித் தொகுப்பின் 23ஆம் தலைப்பில் உள்ள 940ஆம் பகுதி சொல்கிறது. 2001 ஜனவரி 8 அன்று வெளியாகி, அதே ஆண்டு ஏப்ரல் 8 அன்று நடைமுறைக்கு வந்த இந்த விதி சில பக்கங்களுக்குள் முடிந்துவிடும். மொத்தம் ஏழே பிரிவுகள். எந்தக் கேமராவை வாங்க வேண்டும், எந்த மென்பொருள் சிறந்தது என்று அது எங்கும் சொல்லவில்லை. கருவி வாங்குமுன் அதைச் சார்ந்திருக்கும் எல்லாத் துறைகளும் உட்கார்ந்து பேசினவா, யார் எதற்குப் பொறுப்பு என்று எழுதி வைத்தனவா, பிறகு அதைப் பராமரிக்க ஆளும் பணமும் உண்டா என்றுதான் கேட்கிறது. பொதுப்பணத்தில் தொழில்நுட்பம் வாங்கும் எந்த அரசுக்கும் இந்த ஒழுங்கில் கற்றுக்கொள்ள ஏராளம் உண்டு.

பணம் வரும் வழி

விதியின் வலிமை பணம் செல்லும் வழியில் இருக்கிறது. அமெரிக்காவின் நெடுஞ்சாலை நிதியம் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. கூட்டாட்சி எரிபொருள் வரி அதன் முதன்மை வருவாய். பெட்ரோலுக்குக் கேலனுக்கு 18.4 சென்ட், டீசலுக்கு 24.4 சென்ட் என்ற வரி விகிதம் 1993க்குப் பிறகு உயரவில்லை. வரி வருவாய் செலவுக்குப் போதாமல், 2008 முதல் பொது வருவாயிலிருந்தும் நிதியத்துக்குப் பணம் மாற்றப்பட்டு வருகிறது. நிதியத்துக்குள் நெடுஞ்சாலைக் கணக்கு, பொதுப் போக்குவரத்துக் கணக்கு என இரண்டு கணக்குகள் உண்டு.

இந்தப் பணம் முன்பணமாகக் கைக்கு வருவதில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் சட்டப்படி ஒரு பங்கு ஒதுக்கப்படுகிறது. மாநிலப் போக்குவரத்துத் துறை ஒரு திட்டத்துக்குக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகத்தின் ஒப்புதலைப் பெற்று, வேலையைச் செய்து, செலவைக் கணக்குக் காட்டிய பிறகே கூட்டாட்சியின் பங்கு திரும்பக் கிடைக்கும். ஒப்புதலுக்கு முன் செய்த செலவு பொதுவாகத் திரும்பக் கிடைக்காது. சாதாரணத் திட்டங்களில் கூட்டாட்சியின் பங்கு 80 விழுக்காடு, மாநிலங்களுக்கு இடையிலான நெடுஞ்சாலைகளில் 90 விழுக்காடு. மீதியை மாநிலமோ நகராட்சியோ போட வேண்டும். சிக்னல் அமைப்பது போன்ற சில பாதுகாப்புப் பணிகளுக்கு 100 விழுக்காடு வரை தரவும் சட்டம் இடமளிக்கிறது.

திட்டம் எங்கிருந்தும் திடீரென முளைக்க முடியாது. 50,000க்கு மேல் மக்கள் வாழும் ஒவ்வொரு நகர்ப்பகுதிக்கும் ஒரு பெருநகரத் திட்டமிடல் அமைப்பு இருக்க வேண்டும். அது நீண்டகாலத் திட்டம் ஒன்றையும், நான்கு ஆண்டுகளுக்கான பணிப் பட்டியல் ஒன்றையும் வகுக்கிறது. பட்டியலில் இல்லாத வேலைக்குக் கூட்டாட்சிப் பணம் கிடையாது. இந்தப் பழைய ஒழுங்கின் மேல்தான் 940ஆம் பகுதி தன் கேள்விகளை ஏற்றி வைத்தது.

விதி பிறந்த பின்னணி

1991ஆம் ஆண்டுத் தரைவழிப் போக்குவரத்துச் சட்டம் 'அறிவார்ந்த வாகன, நெடுஞ்சாலை அமைப்புகள்' என்ற பெயரில் ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது. பேருந்து, ரயில் ஆகியவையும் அதற்குள் வந்ததால் 1994இல் இன்றைய பெயர் நிலைத்தது. 1996 ஜனவரியில் போக்குவரத்து அமைச்சர் ஃபெடரிகோ பெனா, பத்து ஆண்டுகளுக்குள் 75 பெருநகரங்களில் இத்தகைய கட்டமைப்பை உருவாக்கும் இலக்கை அறிவித்தார். அதே ஆண்டு நியூயார்க்–நியூஜெர்சி, ஃபீனிக்ஸ், சான் அன்டோனியோ, சியாட்டில் ஆகிய நான்கு பகுதிகள் மாதிரிப் பெருநகரங்களாகத் தேர்வாயின.

பணம் வரத் தொடங்கியதும் சிக்கலும் தலைகாட்டியது. மாநில நெடுஞ்சாலைத் துறை ஒரு கட்டுப்பாட்டு மையம் அமைக்கும். பக்கத்திலேயே நகராட்சி தன் சிக்னல்களுக்கு வேறொரு மையம் அமைக்கும். பேருந்து நிறுவனம் மூன்றாவதாக ஒன்றை வைத்துக்கொள்ளும். மூன்றும் ஒரே சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆனால் ஒன்றின் தகவல் இன்னொன்றுக்குப் போகாது. கருவிகளும் அப்படியே. ஒரு நிறுவனத்திடம் வாங்கிய பலகையை இன்னொரு நிறுவனத்தின் மென்பொருள் இயக்காது. முதலில் விற்றவரிடமே விரிவாக்கத்துக்கும் பழுதுக்கும் போய் நிற்க வேண்டிய நிலை.

இது தீரக்கூடியது என்பதற்குச் சான்றும் கண்முன் இருந்தது. நியூயார்க், நியூஜெர்சி, கனெக்டிகட் பகுதியின் சாலை, பாலம், ரயில், காவல் நிர்வாகங்கள் 1986 முதலே டிரான்ஸ்காம் என்ற கூட்டமைப்பின் வழியாகச் சாலைப் பணிகளையும் விபத்துச் செய்திகளையும் பகிர்ந்துகொண்டு வந்தன. பிற பகுதிகளும் அவ்வாறு இணைய வேண்டுமானால் பொதுவான ஒரு வரைபடம் தேவைப்பட்டது. 1993இல் தொடங்கி 1996இல் முடிந்த தேசிய ஐ.டி.எஸ். கட்டமைப்பு வரைவு அந்தத் தேவையை நிறைவேற்றியது. எந்தெந்தச் சேவைகள் உண்டு, அவற்றுக்கு எந்தெந்தத் துணை அமைப்புகள் வேண்டும், எந்தத் தகவல் எதிலிருந்து எதற்குப் போக வேண்டும் என்று நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு சட்டகத்தை அது வகுத்துத் தந்தது.

1998 ஜூன் 9 அன்று சட்டமான அடுத்த தரைவழிப் போக்குவரத்துச் சட்டத்தின் 5206(இ) பிரிவு, நெடுஞ்சாலை நிதியத்தின் பணத்தில் நடக்கும் ஐ.டி.எஸ். திட்டங்கள் தேசியக் கட்டமைப்பு வரைவுக்கும் தரநிலைகளுக்கும் இணங்கியிருக்க வேண்டும் என்று ஆணையிட்டது. 2000 மே மாதம் வரைவு விதி வெளியிடப்பட்டுக் கருத்துக் கேட்கப்பட்டது. 2001 ஜனவரியில் நெடுஞ்சாலை நிர்வாகத்தின் இறுதி விதியும், அதற்கு ஈடான கொள்கை ஆவணமாகப் பொதுப் போக்குவரத்து நிர்வாகத்தின் அறிவிப்பும் ஒரே நாளில் வெளியாயின. பேருந்துக்கு ஒரு நியாயம், சாலைக்கு ஒரு நியாயம் என்று ஆகிவிடாமல் அது காத்தது.

யாரைக் கட்டுப்படுத்தும், யாரை விடும்

விதியின் பரப்பு பெரிது. நெடுஞ்சாலை நிதியத்தின் பணம் ஒரு திட்டத்தில் முழுமையாகவோ ஒரு பகுதியாகவோ சேர்ந்தால் போதும், திட்டம் விதிக்குள் வந்துவிடும். தேசிய நெடுஞ்சாலையா, சாதாரண நகரச் சாலையா என்ற வேறுபாடு இல்லை. பாலம் கட்டும் திட்டத்துக்குள் சிறு பகுதியாகக் கேமராவும் பலகையும் வந்தாலும் அந்தப் பகுதிக்கு விதி பொருந்தும்.

விதிவிலக்குகள் சில. தேசிய ஆராய்ச்சித் திட்டங்களின் குறிப்பிட்ட நோக்கத்துக்காகச் செய்யப்படும் பணிகளுக்கு அமைச்சர் விலக்கு அளிக்கலாம். 1998இல் ஏற்கெனவே இயங்கிவந்த அமைப்பை மேம்படுத்துவதற்கோ விரிவாக்குவதற்கோ விலக்கு வேண்டுமென்றால் மூன்று நிபந்தனைகள் உண்டு: சட்டத்தின் நோக்கத்துக்கு ஊறு வரக்கூடாது, பழைய அமைப்பின் பயன்பாட்டுக் காலம் முடிவதற்குள் வேலை நடக்க வேண்டும், விதிக்கு இணங்கும் மாற்று வழிகளோடு ஒப்பிட்டால் செலவு சிக்கனமாக இருக்க வேண்டும். அந்தப் பழைய அமைப்புகளை அன்றாடம் இயக்குவதற்கும் பராமரிப்பதற்கும் ஆகும் செலவுக்கு விதி பொருந்தாது.

இணங்குதல் என்றால் என்ன என்பதையும் விதி தெளிவாக்கியது. தேசிய வரைவை அப்படியே நகலெடுத்து ஒவ்வொரு ஊரும் நிறைவேற்ற வேண்டும் என்று பலர் அஞ்சினர். அவ்வாறில்லை. தேசிய வரைவைக் கருவியாகக் கொண்டு ஒவ்வொரு பிராந்தியமும் தனக்கென ஒரு வரைவை உருவாக்க வேண்டும். அதன்பின் அங்கே நடக்கும் ஒவ்வொரு திட்டமும் அந்தப் பிராந்திய வரைவைப் பின்பற்ற வேண்டும். இந்த இரண்டு படிகளே இணக்கம்.

பிராந்தியக் கட்டமைப்பு வரைவு

பிராந்தியத்தின் எல்லையை அங்கே பங்கேற்கும் துறைகளே முடிவு செய்யலாம். பெருநகரங்களில் மட்டும் அது பெருநகரத் திட்டமிடல் பரப்பைவிடச் சுருங்கியிருக்கக் கூடாது. நெடுஞ்சாலைத் துறைகள், காவல், தீயணைப்பு, அவசர மருத்துவம், பேருந்து–ரயில் நிறுவனங்கள், கூட்டாட்சி நிலங்களை நிர்வகிக்கும் அமைப்புகள், சரக்கு வாகனங்களைக் கண்காணிக்கும் மாநிலத் துறை, பிற இயக்க அமைப்புகள் என யார் யாருக்கு இடம் தர வேண்டும் என்றும் விதி பெயர் சொல்லிக் குறிக்கிறது. சாலையில் விபத்து நேர்ந்தால் முதலில் வந்து நிற்பவர்கள் காவலரும் தீயணைப்பு வீரரும்தான். போக்குவரத்துப் பொறியாளர்கள் மட்டும் கூடி எழுதும் வரைவில் அவர்களின் தேவை விடுபட்டுப்போகும்.

வரைவில் எட்டு அம்சங்கள் இருந்தாக வேண்டும். பிராந்தியத்தின் விவரம், பங்கேற்கும் துறைகளின் பட்டியல், எந்தத் துறைக்கு என்ன பொறுப்பு என்று விளக்கும் இயக்கக் கருத்துரு, துறைகளுக்கிடையே தேவைப்படும் ஒப்பந்தங்கள், அமைப்பு என்னென்ன செய்ய வேண்டும் என்ற செயல்தேவைகள், எந்த அமைப்பு எதோடு இணைந்து எந்தத் தகவலைப் பரிமாற வேண்டும் என்ற இடைமுகத் தேவைகள், பயன்படுத்த வேண்டிய தரநிலைகள், திட்டங்களை எந்த வரிசையில் நிறைவேற்றுவது என்ற ஒழுங்கு.

இவற்றுள் நான்காவதான ஒப்பந்தங்கள் என்ற அம்சம்தான் நடைமுறையில் மிகக் கடினம். இரண்டு கணினிகளைக் கம்பியால் இணைக்கச் சில வாரம் போதும். காவல்துறையின் அழைப்புப் பதிவிலிருந்து விபத்துச் செய்தி நெடுஞ்சாலைத் துறைக்குப் போகலாமா, அதில் எந்த விவரத்தை மறைக்க வேண்டும், கேமராப் பதிவை எத்தனை நாள் வைத்திருப்பது, தவறான தகவலால் தீங்கு நேர்ந்தால் யார் பொறுப்பு என்பவற்றில் உடன்பாடு காண மாதங்கள் ஆகும். அந்த மாதங்களைப் பணம் கேட்பதற்கு முன்பே செலவிட வைக்கிறது விதி.

அப்போதே ஐ.டி.எஸ். திட்டங்களை நடத்திவந்த பிராந்தியங்கள் 2005 ஏப்ரல் 8க்குள் வரைவை முடிக்க வேண்டும் என்று கெடு விதிக்கப்பட்டது. பிற பிராந்தியங்களுக்கு, அவற்றின் முதல் திட்டம் இறுதி வடிவமைப்பை எட்டியதிலிருந்து நான்கு ஆண்டு அவகாசம். வரைவின் அளவு அங்கே நடக்கும் முதலீட்டின் அளவுக்கு ஏற்ப இருந்தால் போதும். சிற்றூரிடம் பெருநகரம் அளவுக்கு ஆவணம் கேட்கப்படுவதில்லை. முடித்த வரைவை அலமாரியில் வைத்துவிடவும் முடியாது. தேவைகள் மாற மாற அதைத் திருத்தி வைக்கும் நடைமுறையையும் பொறுப்பாளரையும் துறைகளே அமர்த்த வேண்டும்.

ஒவ்வொரு திட்டத்துக்கும் ஏழு கேள்விகள்

பிராந்திய வரைவு பிராந்தியம் முழுவதற்கும் ஒன்று. அதன்பின் தனித்தனித் திட்டம் ஒவ்வொன்றும் முறைமைப் பொறியியல் பகுப்பாய்வைக் கடந்து வர வேண்டும். 'சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங்' என்று பொறியாளர்கள் சொல்லும் இந்த முறை பாதுகாப்பு, விண்வெளித் துறைகளில் வளர்ந்தது. தேவையை முதலில் எழுதி, மாற்று வழிகளை ஒப்பிட்டு, ஒன்றைத் தேர்ந்து, கட்டியபின் எழுதிய தேவையோடு ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதே அதன் சாரம். இடப்புறம் தேவையிலிருந்து நுணுக்கத்துக்கு இறங்கி, வலப்புறம் சோதனையிலிருந்து ஏற்புக்கு ஏறும் ஆங்கில 'வி' எழுத்து வடிவ வரைபடம் அமெரிக்க நெடுஞ்சாலைத் துறைகளில் எல்லோருக்கும் பழக்கமானது.

விதி கேட்கும் ஏழு அம்சங்களை ஒரு கற்பனைத் திட்டத்தில் பொருத்திப் பார்க்கலாம். நடுத்தர நகரம் ஒன்று, பேருந்து அதிகம் ஓடும் நீண்ட சாலை ஒன்றில் நாற்பது சிக்னல்களை இணைத்து, தாமதமாக வரும் பேருந்துக்குப் பச்சையை நீட்டித் தர விரும்புகிறது என்று கொள்வோம்.

முதலாவது, இது பிராந்திய வரைவின் எந்தப் பகுதியை நிறைவேற்றுகிறது? பேருந்து முன்னுரிமை, சிக்னல் ஒருங்கிணைப்பு ஆகிய இரண்டு சேவைகளும் வரைவில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் வரைவைத் திருத்த வேண்டும்.

இரண்டாவது, யாருடைய பொறுப்பு எது? நாற்பது சிக்னல்களில் சில மாநில நெடுஞ்சாலையைச் சேர்ந்தவை. சில பக்கத்து நகராட்சியின் எல்லையில் நிற்பவை. பேருந்தில் பொருத்தும் கருவியோ பேருந்து நிறுவனத்தின் சொத்து. நேரத்தை மாற்றும் உரிமை யாருக்கு, இரவில் பழுதானால் தொலைபேசியை எடுப்பவர் யார் என்பதைப் பெயரிட்டு எழுத வேண்டும்.

மூன்றாவது, தேவைகள் எவை? 'நவீன சிக்னல் வேண்டும்' என்று எழுதினால் அது தேவையாகாது. பேருந்து எவ்வளவு தாமதமானால் முன்னுரிமை கேட்கலாம், பச்சையை அதிகபட்சம் எத்தனை விநாடி நீட்டலாம், அதே நேரத்தில் தீயணைப்பு வண்டி வந்தால் யாருக்கு முதலிடம், சாலையை நடந்து கடப்பவர்களுக்கு உரிய நேரம் எந்த நிலையிலும் குறையாமல் காப்பது எப்படி என்று சோதித்துப் பார்க்கக் கூடிய வாக்கியங்களாக எழுத வேண்டும்.

நான்காவது, மாற்று வழிகள் எவை? முடிவை மத்திய மையம் எடுக்கலாம். சந்திப்பில் உள்ள கன்ட்ரோலரே எடுக்கலாம். இணைப்புக்கு ஒளியிழைக் கம்பி பதிக்கலாம். கைப்பேசி வலையமைப்பை வாடகைக்கு எடுக்கலாம். முதல் செலவை மட்டும் பார்த்தால் வாடகை மலிவாகத் தெரியும். பதினைந்து ஆண்டு மாதக் கட்டணத்தைக் கூட்டினால் கணக்கு மாறக்கூடும். ஆயுட்காலம் முழுவதற்குமான செலவையும் மதிப்பையும் ஒப்பிட வேண்டும் என்று வரையறையிலேயே விதி கூறுகிறது.

ஐந்தாவது, கொள்முதல் எப்படி? கம்பம் நடுவது, குழி தோண்டுவது போன்ற பணிகளைக் குறைந்த விலை டெண்டரில் விடலாம். மென்பொருளை ஊருக்கேற்ப அமைக்கும் வேலையை அப்படி விட்டால் பின்னால் வருந்த நேரும். இரண்டையும் ஒரே ஒப்பந்தமாகத் தருவதா, பிரிப்பதா என்பதை டெண்டர் ஆவணம் எழுதுமுன் தீர்மானிக்க வேண்டும்.

ஆறாவது, எந்தத் தரநிலைகள், எந்தச் சோதனைகள்? ஏழாவது, இயக்கவும் நிர்வகிக்கவும் என்ன நடைமுறை, என்ன வளம்? சிக்னல் நேரங்களைக் காலம்தோறும் திருத்தப் பயிற்சி பெற்ற பொறியாளர் எத்தனை பேர், மின்கட்டணமும் மென்பொருள் உரிமமும் எந்தத் தலைப்பின் கீழ், உதிரிபாகம் எங்கே என்ற கேள்விகள் இதில் வரும்.

ஏழாவதே எல்லாவற்றிலும் முக்கியமானது. திறப்பு விழா நாளில் எல்லாச் சிக்னலும் ஒழுங்காக எரியும். உணரி பழுதடைந்து, நேர அட்டவணை பழையதாகி, தெரிந்த ஊழியர் ஓய்வு பெற்றுப் போனபின் அந்த அமைப்பு எப்படி இருக்கும் என்பதில்தான் செலவழித்த வரிப்பணத்தின் மதிப்பு இருக்கிறது.

பகுப்பாய்வும் திட்டத்தின் அளவுக்கு ஏற்றதாக இருந்தால் போதும் என்று விதி சலுகை தருகிறது. இறுதி வடிவமைப்பு பிராந்திய வரைவோடு முரண்பட்டால், காரணத்தை ஆராய்ந்து வரைவைத் திருத்திக்கொள்ளலாம். பிராந்திய வரைவு முடியும் முன்பே பல நகராட்சிகளையோ பல போக்குவரத்து வகைகளையோ தொடும் பெரிய திட்டம் ஒன்று வந்துவிட்டால், அதற்கென்று திட்ட அளவிலான தனி வரைவு எழுத வேண்டும்.

தரநிலைகள்

வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசப் பொதுவான நெறிமுறை வேண்டும். அமெரிக்க மாநில நெடுஞ்சாலை அலுவலர்களின் சங்கம், போக்குவரத்துப் பொறியாளர் கழகம், மின்கருவி உற்பத்தியாளர் சங்கம் ஆகிய மூன்றும் சேர்ந்து 'என்.டி.சி.ஐ.பி.' என்ற தரநிலைத் தொகுப்பை வளர்த்தன. அதன் 1202ஆம் தரநிலை சிக்னல் கன்ட்ரோலருக்கும், 1203ஆம் தரநிலை மின்னணு அறிவிப்புப் பலகைக்கும் உரியவை. பலகை வாங்கும் துறை 1203ஐக் குறிப்பிட்டு, தனக்கு வேண்டிய அம்சங்களையும் தெரிந்து எழுதி, வந்து சேர்ந்ததும் சோதித்துப் பார்த்தால், அடுத்த பலகையை வேறு நிறுவனத்திடமும் வாங்க முடியும். தரநிலையின் எண்ணை மட்டும் டெண்டரில் எழுதிவிட்டுச் சோதிக்காமல் விட்டால் பழைய சிக்கல் திரும்பிவரும்.

அமைச்சகம் முறைப்படி விதியாக்கி ஏற்றுக்கொண்ட தரநிலைகளை மட்டுமே 940ஆம் பகுதி கட்டாயமாக்குகிறது. நடைமுறையில் அமைச்சகம் நீண்ட காலமாக எந்த ஐ.டி.எஸ். தரநிலையையும் அவ்வாறு கட்டாயமாக்காமல், பரிந்துரையாகவும் பயிற்சியாகவுமே விட்டுவைத்தது. அந்த எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு என்பதை வாகனத் தொடர்பின் வரலாறு காட்டுகிறது. வாகனமும் சாலையும் பேசிக்கொள்ள 5.9 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 75 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை 1999இல் தகவல் தொடர்பு ஆணையம் ஒதுக்கியது. குறுந்தொலைவு வானொலித் தொழில்நுட்பம் ஒன்றை நம்பிப் பல நகரங்கள் சாலையோரக் கருவிகளை நட்டன. 2020 நவம்பரில் ஆணையம் அதில் 45 மெகாஹெர்ட்ஸை வைஃபை போன்ற பயன்பாட்டுக்கு மாற்றி, மீதி 30 மெகாஹெர்ட்ஸையும் கைப்பேசி வழித் தொழில்நுட்பத்துக்குத் திருப்பியது. ஒரு தொழில்நுட்பத்தைச் சட்டமாக்கினால் அது பழையதாகும்போது சட்டமும் சுமையாகிவிடும். எந்த நகரம் எந்தத் தகவலை யாருக்குத் தர வேண்டும் என்ற உடன்பாடு மட்டும் கருவி மாறினாலும் நிலைத்து நிற்கும்.

கேள்வி கேட்கும் தருணம்

விதிக்குப் பல் இருப்பது 940.13ஆம் பிரிவில். கட்டுமானத்துக்கோ செயலாக்கத்துக்கோ நெடுஞ்சாலை நிதியத்தின் பணத்தை ஒப்புதல் செய்வதற்கு முன், பகுப்பாய்வு நிபந்தனைகள் நிறைவேறியதைக் காட்ட வேண்டும். தனியான தண்டனையோ அபராதமோ விதியில் இல்லை. காட்டாவிட்டால் ஒப்புதல் இல்லை. ஒப்புதல் இல்லாவிட்டால் பணம் இல்லை. கண்காணிப்பும் ஏற்கெனவே இருந்த கூட்டாட்சி உதவி மேற்பார்வை நடைமுறை வழியாகவே நடக்கிறது.

இதை மாநிலங்கள் தத்தமக்கு ஏற்ற படிவங்களாக மாற்றிக்கொண்டன. கலிஃபோர்னியாவில் உள்ளூர் அமைப்புகள் ஏழு கேள்விகளையும் ஒட்டி அமைந்த முறைமைப் பொறியியல் ஆய்வுப் படிவத்தை நிரப்ப வேண்டும். அங்கே திட்டங்கள் ஆபத்துக் கூறுகளின் அடிப்படையில் தரம் பிரிக்கப்படுகின்றன. வேறெதோடும் இணையாத தனிச் சிக்னல் போன்றவற்றுக்கு விலக்கு. பழகிய தொழில்நுட்பத்தை ஒரே துறை அமைக்கும் வேலைக்குக் குறைந்த ஆய்வு போதும். புதிய மென்பொருள், பல துறைகளின் இணைப்பு, தெளிவற்ற தேவைகள் உள்ள திட்டத்துக்கு முழு ஆய்வு கட்டாயம். எங்கே தவறு நிகழக்கூடுமோ அங்கே ஆய்வைக் குவிக்கும் இந்த முறை விதியின் நோக்கத்துக்கு நேர்மையானது.

சேர்ந்து பொருந்தும் பிற விதிகள்

கூட்டாட்சிப் பணத்தோடு வேறு நிபந்தனைகளும் வரும். கட்டுமானப் பணிக்குப் பொதுவாகப் போட்டி டெண்டர் வேண்டும். கட்டுமானம் சார்ந்த பொறியியல் ஆலோசனைக்குத் தகுதி பார்த்துத் தேர்ந்தெடுத்த பிறகே கட்டணம் பேச வேண்டும். காப்புரிமை பெற்ற தனி நிறுவனப் பொருளைப் பெயர் சொல்லிக் கேட்பதை நெடுங்காலம் ஒரு விதி தடுத்துவந்தது. ஏற்கெனவே உள்ள அமைப்போடு பொருந்த அதுவே தேவை என்று நிறுவினால் விலக்கு கிடைத்தது. அந்தத் தடை 2019 அக்டோபரில் நீக்கப்பட்டது. அமெரிக்காவில் செய்த பொருளையே வாங்க வேண்டும் என்ற நிபந்தனை 2021ஆம் ஆண்டு உள்கட்டமைப்புச் சட்டத்தால் விரிந்து, ஒளியிழைக் கம்பியையும் உள்ளடக்கியது. நெடுஞ்சாலைத் திட்டங்களில் தயாரிப்புப் பொருள்களுக்கு 1983 முதல் இருந்த பொது விலக்கும் 2025 ஜனவரியில் படிப்படியாக நீங்கும்படி முடிவானது. கேமரா, கன்ட்ரோலர் வாங்குவோர் இனி இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இயக்கச் செலவுக்கும் கூட்டாட்சிப் பணம் கிடைக்கும் என்பது பலர் அறியாத செய்தி. போக்குவரத்துக் கண்காணிப்பு, கட்டுப்பாட்டு மையங்களின் ஊழியர் சம்பளம், மின்சாரம், வாடகை ஆகியவற்றை இயக்கச் செலவு என்ற வரையறைக்குள் சட்டம் சேர்த்திருக்கிறது. ஆனால் வழக்கமான பராமரிப்பு அதில் வராது. கருவி வாங்க 80 விழுக்காடு கிடைக்கும், அதைத் துடைத்துப் பழுதுபார்க்க உள்ளூர் வரியே கதி என்ற நிலையில் புதிது வாங்கும் ஆசையும் பழையதைக் கைவிடும் போக்கும் வளர்கின்றன. நிதி விதிகளில் இன்னும் திருந்த வேண்டிய இடம் இது.

தனி மானியங்கள்

பொது ஒதுக்கீட்டுக்கு வெளியே ஐ.டி.எஸ்.க்கென்றே தனி மானியங்களும் வந்துபோயின. 1998ஆம் ஆண்டுச் சட்டம் ஆறு ஆண்டுகளில் ஆராய்ச்சிக்கும் செயலாக்கத்துக்குமாகச் சேர்த்துச் சுமார் 128 கோடி டாலர் ஒதுக்கியது. 2005ஆம் ஆண்டுச் சட்டம் செயலாக்க மானியத்தை நிறுத்தி, ஐ.டி.எஸ். பணிகளைச் சாதாரண நெடுஞ்சாலைத் திட்டங்களின் வழியிலேயே விட்டது.

2015ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு 6 கோடி டாலர் மானியத்தைப் போட்டி முறையில் ஏற்படுத்தியது. ஒரு திட்டத்துக்கு உச்சவரம்பு 1.2 கோடி டாலர். கூட்டாட்சியின் பங்கு 50 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று அந்தச் சட்டம் வரையறுத்தது. பெற்றவர்கள் செலவையும் பலனையும் ஆண்டுதோறும் அறிக்கையாகத் தர வேண்டும். 2016இல் நடந்த 'ஸ்மார்ட் சிட்டி' போட்டியில் 78 நகரங்கள் கலந்துகொள்ள, ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் 4 கோடி டாலரை வென்றது. 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் 'ஸ்மார்ட்' மானியம் 2022 முதல் 2026 வரை ஆண்டுக்கு 10 கோடி டாலரை ஒதுக்கி, பணத்தை இரண்டு கட்டமாகப் பிரித்தது. முதல் கட்டத்தில் 20 லட்சம் டாலர் வரை பெற்றுத் திட்டமிட்டுச் சிறிய அளவில் செய்து பார்க்க வேண்டும்; அதில் தேறியவர்களுக்கே இரண்டாம் கட்டத்தில் 1.5 கோடி டாலர் வரை. முதலில் யோசனை, பிறகு பணம் என்ற 940ஆம் பகுதியின் கொள்கையே இங்கே மானியத்தின் வடிவமாகிவிட்டது.

குறைகளும் இன்றைய நிலையும்

விதியின் பலவீனங்களையும் சொல்ல வேண்டும். படிவத்தை நிரப்புவதே இணக்கம் என்று ஆகிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. ஆலோசனை நிறுவனம் ஒன்று எழுதித் தந்த வரைவை ஊரில் யாரும் படிக்காமலே ஒப்புதல் வாங்கிவிட முடியும். கருவியை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்பத் தேவைகளைப் பின்னால் எழுதுவதும் நடக்கக்கூடியதே. இரண்டு பொறியாளர்களைக் கொண்ட சிறு நகராட்சிக்கு ஆவணச் சுமை பெரிது. உள்ளூர்ப் பணத்தில் மட்டுமே நடக்கும் திட்டங்களை விதி தொடாததால், ஒரே ஊரில் இணங்கிய அமைப்பும் இணங்காத அமைப்பும் அருகருகே இருக்கலாம். இணையப் பாதுகாப்பு, தனிமனிதத் தரவுகளின் காப்பு ஆகியவை 2001இல் இன்றளவுக்குக் கவலை தரவில்லை. விதியின் எட்டு அம்சங்களிலும் ஏழு கேள்விகளிலும் அவற்றுக்குத் தனி இடம் இல்லை.

இணக்கக் கடமை இன்று அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 23ஆம் தலைப்பில் 517ஆம் பிரிவாக நிற்கிறது. தேசியக் கட்டமைப்பு வரைவு 2017இல் வாகனத் தொடர்பையும் உள்ளடக்கிய 'ஆர்க்–ஐ.டி.' என்ற வடிவமாக வளர்ந்தது; பிராந்திய வரைவுகளை எழுத இலவச மென்பொருளும் அதனுடன் தரப்படுகிறது. கேள்விகள் மட்டும் 2001இல் எழுதியபடியே நிற்கின்றன: யார் யார் சேர்ந்து செய்கிறார்கள், எதற்காக, எந்த மாற்று வழிகளைப் பார்த்தபின், எப்படிச் சோதித்து, யார் பராமரிக்க? இவற்றுக்குப் பதில் எழுதி வைத்த ஊரில் கருவி பழுதானாலும் அதைச் சரிசெய்ய ஒருவர் இருப்பார். பொதுப்பணத்தை வழங்கும் அரசு அந்தப் பதிலை முன்கூட்டியே கேட்பது அதன் கடமை.